பைக்குத் தடை, பொம்மைக்கு இல்லை: பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான்களின் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "பை கொண்டாந்திருக்கீங்களா?" என்றுதான். கேரி பையில் போட்டுக் கொடுத்து அதிகாரிகள் கண்ணில் பட்டால் அபராதம். நாலு கடை தள்ளி ஒருவர் தார்ப்பாய் விரித்து பிளாஸ்டிக் கார், பீப்பீ, துப்பாக்கி, சொப்புச் சாமான், பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மை என்று குவித்து வைத்திருக்கிறார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, ஊர்த் தேர்த் திருவிழா, எங்கே போனாலும் இதே காட்சிதான்.

இன்னொரு பக்கம், வளர்ந்தவர்களே பொம்மை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து ஆன்லைனில் வாங்குகிறார்கள். லபூபு பொம்மைக்காக உலகம் முழுக்க வரிசையில் நின்ற செய்தி நம் ஊர்க் கைப்பேசிகளுக்கும் வந்தது.

இவை இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: பை கெடுதல் என்றால் பொம்மை மட்டும் எப்படி நல்லது? இதற்கு விடை காண, சட்டம் எதைத் தொடுகிறது, பொம்மை எதனால் ஆனது, உடைந்தபின் எங்கே போகிறது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். தமிழில் 'சேகரிப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆசைக்குச் சேர்ப்பதும் சேகரிப்பு, குப்பையைத் திரட்டுவதும் சேகரிப்பு. பொம்மை விஷயத்தில் முதலாவது கொடிகட்டிப் பறக்கிறது, இரண்டாவது தொடங்கவே இல்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் எதைத் தொடுகிறது?

1. தமிழ்நாட்டின் தடை 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களை அது தடுக்கிறது. கேரி பை, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கொடி போன்றவை அதில் வரும். பொம்மை வராது.

2. ஒன்றிய அரசின் தடை 2022 ஜூலை 1 முதல். அந்தப் பட்டியலில் பொம்மைக் கடைக்காரரை நேராகத் தொடுவது பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சி. பலூன் விற்கலாம், குச்சி கூடாது. விளையாட்டுச் சாமான் என்று வேறு எதுவும் இல்லை.

3. பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 'உற்பத்தியாளர் பொறுப்பு' என்று ஒன்று உண்டு. தான் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்கைத் திரும்பத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை நிறுவனத்துக்கே உரியது என்பது அதன் சாரம். ஆனால் அந்தக் கடமை பொதி உறைகளுக்கு மட்டும்தான். பொம்மையைச் சுற்றி வந்த உறைக்குக் கம்பெனி பொறுப்பு, உள்ளே இருக்கும் பொம்மைக்கு யாரும் பொறுப்பில்லை.

4. விளக்கு எரிகிற, சத்தம் போடுகிற மின்சார பொம்மைகள் மட்டும் வேறு கணக்கில் வருகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் விளையாட்டுப் பொருள்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்தப் பொறுப்பு சந்தையில் விற்கும் பாட்டுப் பொம்மையைத் தேடி வருகிறதா என்றால், வருவதில்லை.

5. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இது குழந்தையின் பாதுகாப்புக்கான விதி. கூர்முனை இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, தீப்பிடிக்குமா என்று பார்க்கும். உடைந்தபின் அது என்ன ஆகும் என்று பார்க்காது.

ஆகவே சந்தைக் கடைக்காரர் பிளாஸ்டிக் தடையை மீறவில்லை. 'ஒருமுறைப் பயன்பாடு' என்ற வரையறைக்குள் பொம்மை வராததால் சட்டம் அதைப் பல நாள் உழைக்கும் பொருளாக எடுத்துக்கொள்கிறது. திருவிழாவில் வாங்கி, பேருந்து ஏறுவதற்குள் உடைந்துபோகும் பீப்பீயும் சட்டத்தின் கண்ணுக்கு நாற்காலி போல நீடித்த பொருள்தான். இந்த இடைவெளியில்தான் மலிவுப் பொம்மைத் தொழில் நிற்கிறது.

ஒரு வாளித் தண்ணீரில் தெரிந்துவிடும்

'பிளாஸ்டிக்' என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பப் பெயர். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். தண்ணீர் பாட்டிலின் அடியில் முக்கோணமும் எண்ணும் இருக்கும். சந்தைப் பொம்மையில் பெரும்பாலும் அது இருக்காது. வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு.

உடைந்த பொம்மையிலிருந்து விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். முழுப் பொம்மையைப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று மிதக்க வைத்துவிடும். துண்டைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, குமிழி ஒட்டாமல் வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள்.

மேலே வந்தால் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். குடம், பக்கெட், நாற்காலி வகையறா. இரண்டும் தண்ணீரைவிட லேசானவை.

அடியில் போய் உட்கார்ந்தால், இன்னொரு பாத்திரத்தில் கல்லுப்பை இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து அதில் போடுங்கள். இப்போது மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் ஆக இருக்கலாம். மடக்கென்று ஒடியும் மலிவுப் பொம்மைகள் பல முதல் வகை. கெட்டியான கட்டைகள், நல்ல கார் பொம்மைகள் இரண்டாம் வகை. ஒன்றோடொன்று பூட்டி விளையாடும் லெகோ கட்டைகள் 1963 முதல் ஏபிஎஸ்ஸில்தான் பெரும்பாலும் வார்க்கப்படுகின்றன.

உப்புத் தண்ணீரிலும் மூழ்கினால் பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அமுக்கினால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பொம்மை முகம், பல்லி, பாம்பு, டைனோசர் எல்லாம் பெரும்பாலும் இதுதான்.

பிவிசி தன் இயல்பில் குழாய் போல விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த வேலைக்கு நெடுங்காலம் பயன்பட்டவை தாலேட்டுகள். மிக மென்மையான பொம்மைகளில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இந்த மென்மையாக்கியே இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு அது வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை, இடையில் ஊறிக் கிடக்கிறது. அதனால் நாள்பட நாள்பட வெளியே கசிகிறது. பரணில் பல வருடம் கிடந்த பழைய பொம்மையை எடுத்தால் கை பிசுபிசுக்கும், தூசி அதன்மேல் அப்பிக் கிடக்கும். கழுவினாலும் சில வாரத்தில் திரும்பப் பிசுக்கு வரும். அது அழுக்கு இல்லை, கசிந்த மென்மையாக்கி. ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை என்பதால் குறிப்பிட்ட தாலேட்டுகளுக்கு ஐரோப்பா 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் தடை போட்டது. அமெரிக்கா 2008இல் சட்டம் கொண்டுவந்தது. வரம்பு 0.1 சதவீதம். நம் ஐஎஸ்ஐ சோதனையிலும் தாலேட் அளவு பார்ப்பது உண்டு. முத்திரை இல்லாத பொம்மையில் அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஏன் வேண்டாம் என்கிறார்?

நம் ஊரில் மறுசுழற்சி நடப்பது அரசாணையால் அல்ல, எடைக்குக் காசு கிடைப்பதால்தான். டிவிஎஸ் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருவில் வருகிறவர் உடைந்த குடம், பக்கெட், நாற்காலி எல்லாவற்றையும் எடை போட்டு வாங்கிக்கொள்வார். கூடவே பொம்மைப் பையை நீட்டினால், "இது வேணாங்க்கா, உள்ள ஸ்குரூவும் கம்பியுமா இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவார். அவர் சொல்வதில் தப்பில்லை. அவர் கைமாற்றிவிடும் அரைவை ஆலைக்கு ஒரே வகைப் பிளாஸ்டிக் வேண்டும். ஒரு சின்ன காரை எடுத்துப் பாருங்கள். மேல்கூடு ஒரு பிளாஸ்டிக், சக்கரம் இன்னொன்று, அச்சு இரும்புக் கம்பி, உள்ளே ஸ்பிரிங், கண்ணாடிக்குப் பதில் வேறொரு ஒளிபுகும் பிளாஸ்டிக், மேலே பெயின்ட், ஸ்டிக்கர். நாற்பது கிராம் பொருளில் ஏழு வகை. பிரித்தெடுக்க ஆகும் கூலிக்கு அந்தச் சரக்கு பெறாது.

இந்த நிலை பொம்மைக்கு மட்டும் உரியதல்ல. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்குப்படி 2019இல் உலகம் உற்பத்தி செய்த பிளாஸ்டிக் சுமார் 46 கோடி டன். அந்த ஆண்டு கழிவானது சுமார் 35 கோடி டன். அதில் உண்மையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம். ஒரே பொருளால் ஆன, எளிதில் பிரியும் சரக்குதான் அந்த 9க்குள் போக முடிகிறது. பல பொருள் கலந்த பொம்மைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது.

மிச்சம் மூன்று வழிகள்.

முதலாவது, எரிப்பு. வீட்டுக் குப்பையைச் சாலையோரம் கூட்டி நெருப்பு வைப்பது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் அன்றாடக் காட்சி. பிவிசி பொம்மை அதில் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும், டையாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகும். பெயின்டில் ஈயம் இருந்தால் அது எரிந்து அழியாது, சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் கோழி கிளறுகிறது.

இரண்டாவது, குப்பைக் கிடங்கு. அங்கே அது மட்காது, வெயிலில் நொறுங்கித் துகளாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஓடையும் ஆறும். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று தங்கித் தங்கிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. நம் ஓடையில் விழுந்தது அணையில் வண்டலோடு படியலாம், பெருவெள்ளத்தில் கடல்வரை போகலாம். போனால் எவ்வளவு காலம் கிடக்கும்? இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரை ஒதுங்கிய லெகோ கட்டைகளின் தேய்மானத்தை அளந்து 2020இல் ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: 100 முதல் 1,300 ஆண்டுகள். 1997 பிப்ரவரியில் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பலிலிருந்து அலை அடித்துக் கடலில் விழுந்த ஒரு கண்டெய்னரில் சுமார் 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் அவற்றை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் ஒன்றுக்கு எத்தனை கிராம்?

பிளாஸ்டிக் பொம்மை எல்லாமே ஒரே அளவு கேடு என்று சொல்வது தவறு. ஒரு பொம்மை சூழலுக்கு எவ்வளவு சுமை என்பதை அளக்க எளிய கணக்கு போதும்: எடையை, அது விளையாடப்பட்ட நாள்களால் வகுத்துப் பாருங்கள்.

நூறு கிராம் எடையுள்ள பொம்மை ஒரு வாரத்தில் உடைந்தால் நாளுக்கு 14 கிராம். மூன்று கிலோ எடையுள்ள மூணு சக்கர சைக்கிளை அக்கா, தம்பி, சித்தப்பா மகன் என்று மூன்று பேர் ஆறு வருடம் ஓட்டினால் நாளுக்கு ஒன்றரை கிராமுக்கும் குறைவு. எடை முப்பது மடங்கு, சுமையோ பத்தில் ஒரு பங்கு. இருபது கிராம் பீப்பீ ஒரே நாளில் போனால் நாளுக்கு 20 கிராம். தின்பண்டப் பாக்கெட்டுக்குள் இலவசமாக வரும் குட்டிச் சாமான் எடையில் மிகக் குறைவு, ஆயுளும் அப்படியே, சில மணி நேரம்.

இந்தக் காரணத்தால்தான் பிரான்ஸ் 2022 ஜனவரி 1 முதல், உணவகங்களில் குழந்தைகள் சாப்பாட்டோடு இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் பொம்மைகளைத் தடை செய்தது. கடையில் தனியாக விற்கும் பொம்மையை அது தொடவில்லை. கேட்காமலே கையில் வந்து சேரும் குறை ஆயுள் பொம்மைதான் மோசமானது என்று சரியாக அடையாளம் கண்ட சட்டம் அது. நம் பட்டியலில் பலூன் குச்சி இருப்பதுபோல, நாளைக்கே இதையும் சேர்க்க முடியும்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு தெரியாமலே கடைப்பிடித்து வந்தார்கள். ஆசாரி செய்து கொடுத்த நடைவண்டி ஒரு தெருவுக்கே பொதுவாக இருந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகியதும் அடுத்த வீட்டுக்குப் போகும். மரம் என்பதைவிட, கைமாறியது என்பதுதான் அதன் பெருமை.

சேர்ப்பவர்கள்: இரண்டு ரகம்

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பொம்மை சேர்ப்பது நல்ல பழக்கமாகத் தோன்றும். இருபது வருடம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக நிற்கும் பொம்மைக்கு நாள் கணக்கில் கிராம் ஏது? ஏற்கெனவே உலகில் இருக்கும் பொருளைத் தேடி எடுத்துப் பழுது பார்த்து வைத்திருப்பவர்களுக்கு இது முழுக்கப் பொருந்தும். பழைய தகரக் கார், தாத்தா காலத்துப் பொம்மை, பத்து வருடத்துக்கு முன் வந்த குட்டிக் கார்கள் ஆகியவற்றைக் கைமாற்றி வாங்குகிறவர் புதிதாக ஒரு கிராம்கூட உற்பத்தி செய்ய வைப்பதில்லை. குப்பைக்குப் போக வேண்டியதை அவர் தடுக்கிறார். இவர்களைக் கேலி செய்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் ரகம் வேறு. சேர்ப்பதற்கென்றே புதிதாகத் தயாரிக்கப்படும் பொம்மை. இதில் 'மூடிய பெட்டி' முறை பரவலாக இருக்கிறது. ஒரு வரிசையில் ஆறு உருவங்கள் இருக்கும். எந்தப் பெட்டியில் எது என்று தெரியாது. ஆறையும் சேர்க்க எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

முதல் பெட்டியில் எது வந்தாலும் புதிது. இரண்டாவது உருவம் புதிதாகக் கிடைக்க வாய்ப்பு ஆறில் ஐந்து. அப்படியே குறைந்துகொண்டே போய், கடைசி உருவத்துக்கு வாய்ப்பு ஆறில் ஒன்று. அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக ஆறு பெட்டி திறக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் சராசரி 14.7. அதாவது ஆறு வேண்டியவர் ஏறக்குறைய பதினைந்து வாங்குவார், ஒன்பது ஏற்கெனவே இருப்பதே திரும்ப வந்ததாக இருக்கும். பன்னிரண்டு உருவ வரிசை என்றால் சராசரி 37 பெட்டி. வரிசை முழுவதையும் ஒரே கட்டாக வாங்கினால் இந்தச் சிக்கல் குறையும், ஆனால் தனித்தனியாக வாங்குகிறவருக்கு இதுதான் கணக்கு. இதற்குமேல் 72இல் ஒன்று என்ற வாய்ப்பில் ஒரு 'ரகசிய' உருவமும் லபூபு வரிசைகளில் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அட்டை, உறை, சீட்டு. இரட்டித்து வந்தவற்றை விற்றோ மாற்றியோ கொண்டால் சுமை குறையும். ஆனால் மோகம் வடிந்த மறு மாதம் வாங்க ஆள் இருக்காது.

மோகம் வடிந்தால் கம்பெனிக் கிடங்கில் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெரிய தலையும் கறுப்புக் கண்ணுமாக வினைல் உருவங்கள் செய்யும் ஃபங்கோ நிறுவனம், கிடங்கில் தேங்கிய 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைக் குப்பையில் கொட்டி அழிக்கப்போவதாக 2023 மார்ச்சில் முதலீட்டாளர்களிடம் சொன்னது. வைத்திருக்கும் வாடகையைவிட எறிவது மலிவு. சேர்ப்பவர் அலமாரியில் நிற்பதை மட்டும் எண்ணினால் சேகரிப்பு சுத்தமான பொழுதுபோக்காகத் தெரியும். விற்காமல் எறிந்ததையும், இரட்டித்து வந்ததையும் சேர்த்து எண்ணினால்தான் முழுக் கணக்கு.

பொருளை மாற்றினால் போதுமா?

பழைய பொம்மையைக் கைமாற்றுவதில் ஓர் எச்சரிக்கை. பிளிமத் பல்கலைக்கழகமே 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே பயன்படுத்திய சுமார் 200 பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பொம்மைகளில் காட்மியம், ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் அடிக்கடி தென்பட்டன. விதிகள் கடுமையாவதற்கு முந்தைய காலத்துச் சரக்கை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது.

மரத்துக்கு மாறினால் தீர்ந்ததா? பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கும் சன்னபட்டணம் நமக்குக் கிட்டத்தில்தான். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குப் பூசிச் செய்யும் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நல்ல பொருள்தான், விலைதான் சந்தைப் பொம்மையோடு போட்டி போட முடியாது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் எப்போதும் கைகொடுப்பதில்லை. பழைய பாட்டில்களிலிருந்து கட்டை செய்யும் திட்டத்தை லெகோ 2023இல் கைவிட்டது. அதற்கென இயந்திரங்களை மாற்றினால் மொத்தத்தில் கரியமில வாயு வெளியேற்றம் குறையாது என்று அதன் கணக்கே சொன்னது. ஆயுளைக் கூட்டுவதற்கு ஈடான குறுக்குவழி இன்னும் கிடைக்கவில்லை.

நம் பக்கம் என்ன செய்யலாம்?

1. வாங்கும்போது திருகாணி பாருங்கள். ஒட்டிய பொம்மையைப் பிரிக்க முடியாது, திருகிய பொம்மையைப் பழுது பார்க்கலாம். பேட்டரி மூடிக்கும் திருகாணி வேண்டும். சிறு வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும் ஆபத்து உண்டு.

2. முழுசாக இருக்கும் கெட்டிப் பொம்மைகளைக் கழுவி அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிசுபிசுப்பதும், பெயின்ட் உரிவதும், மிகப் பழையதும் அங்கே போகக் கூடாது.

3. உடைந்ததைத் தட்டிப் பிரித்து, தண்ணீரில் மிதக்கும் துண்டுகளைக் குடம், பக்கெட்டோடு சேர்த்துப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கம்பியும் ஸ்குரூவும் இல்லாத சரக்கை அவர் தட்டிக்கழிக்கக் காரணம் குறைவு. பேட்டரியும் மின்பலகையும் தனியே போக வேண்டும்.

4. மென்மையான பிவிசியை எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். உலர் குப்பையாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பது, இருப்பதில் குறைந்த கேடு.

5. திருவிழாக் கடைகளுக்கு இடம் ஏலம் விடுவது உள்ளாட்சியோ கோயில் நிர்வாகமோதான். ஏல நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: பலூனுக்குப் பிளாஸ்டிக் குச்சி கூடாது, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மை கூடாது. இரண்டும் ஏற்கெனவே சட்டம்தான், புதிதாக யாரும் தடை போட வேண்டியதில்லை. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு முத்திரையிலிருந்து விலக்கு இருப்பதால் அவர்களுக்குக் கடைவரிசையில் இடம் ஒதுக்கவும் தடையில்லை. தார்ப்பாய் விரித்து அன்றாடம் பிழைக்கிறவர்மேல் முதலில் பாயாமல், அவருக்குச் சரக்கு இறக்குகிற மொத்த வியாபாரியிடமிருந்து தொடங்குவது நியாயம். வரும் கிராம சபையில் இந்த இரண்டு வரியைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்க ஒரு வெள்ளைத்தாள் போதும்.